பம்ப்ளமூஸில் பூ தேடுவது

மொரீசியசுக்கு வரும் உறவினர்களைப் பம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, உள்ளே நுழைந்து கால் மணி நேரம் ஆவதற்குள், "ஊட்டி மாதிரி பூப்பாத்தி எதுவும் கிடையாதா?" என்று கேட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டு, அதற்குரிய விலையையும் கொடுத்தவன் என்பதால், அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து ஆகியவற்றை மறப்பது பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூங்கா என்று எண்ணிக்கொண்டு போவது

அந்தத் தோட்டம் இன்றும் என் ரசனைக்கு ஒத்துவருவதில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நெருக்கியடித்து நிற்கும் முற்றமே எனக்குத் தோட்டம். அங்கேயோ நேரான பாதைகளும் மரங்களும்தான். ஆனால் அது கண்ணுக்கு விருந்தாக உருவான இடம் அன்று. 1730-களில் ஆளுநர் லபூர்தொனே காலத்தில் அது காய்கறித் தோட்டமாக இருந்தது. 1770 வாக்கில் தீவின் பிரெஞ்சு நிர்வாகி பியர் புவாவ்ர், டச்சுக்காரர்கள் பொத்திக் காத்துவந்த சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் கன்றுகளை வரவழைத்து நட்டார். ஆகவே அதை நாற்றங்காலாகக் கருதிச் சுற்றிப் பார்ப்பதே முறை.

அண்ணாந்து பார்க்காமல் திரும்புவது

நினைக்கும்தோறும் என்மீதே எரிச்சல் வருவது இந்தத் தவற்றுக்காகத்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த சித்தியை அன்று அழைத்துச் சென்றிருந்தேன். "பூவே இல்லாத தோட்டம் சித்தி, அல்லிக்குளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்" என்று அவசரப்படுத்தி, வழியில் பருத்த அடிமரம் ஒன்றின் முன் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். படச்சுருளைக் கழுவி வாங்கியபோது, படத்தின் மேல்விளிம்பில், பாதி வெட்டுப்பட்டு, வெண்மஞ்சள் நிறத்தில் தென்னம்பாளையைப் போல ஏதோ விரிந்திருந்தது. தாவரங்கள் அறிந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: தாளிப்பனை பூத்திருக்கிறது.

தாளிப்பனை முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை, உச்சியில் பல மீட்டர் உயரத்துக்கு, இலட்சக்கணக்கான சிறு பூக்களைத் தள்ளி, காய் முதிர்ந்ததும் பட்டுப்போகும் மரம். சித்தியின் வீட்டுப் பரணில் அவருடைய தாத்தாவின் வைத்தியச் சுவடிகள் இருந்தன. சுவடி எழுதப் பயன்பட்ட ஓலைகளுள் சீதாளம் எனப்படும் இந்த மரத்தின் ஓலையும் ஒன்று. அதன் அடியிலேயே நிறுத்தி, தலையை நிமிர்த்தச் சொல்லாமல் அழைத்து வந்திருக்கிறேன். படம் கைக்கு வந்தபோது சித்தி ஊர் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் மறுபடி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் போனபோது அந்த இடத்தில் மரம் இல்லை. பூ இல்லை என்று குறைபட்ட நாளில், தாவர உலகின் மிகப் பெரிய பூங்கொத்துகளுள் ஒன்றின் கீழ் நின்றிருக்கிறேன்.

ஆகவே பனைகள் நிற்கும் பகுதியில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கழுத்து வலித்தால் வலிக்கட்டும்.

வழிகாட்டியை மறுப்பது

கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். எந்த மரம் இப்போது பூத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அல்லிக்குளத்தோடு முடித்துக்கொள்வது

தாம்பாளம் போல விளிம்பு மடிந்த அந்த இலைகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பூவோ மாலையில் வெண்மையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அத்துடன் முடிந்துவிடும். நண்பகலில் போனவர்கள் இலையை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள்.

இலை பறிப்பது

கூடாது. கிராம்பு, இலவங்கப்பட்டை, கற்பூர மரங்களின் அடியில் உதிர்ந்து கிடப்பதை எடுத்துக் கசக்கி முகர்ந்தாலே போதும். சென்னைக் குடும்பத்துப் பாட்டி அப்படி எடுத்த பட்டை இலை ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, காரில் வீடு வரும்வரை முகர்ந்துகொண்டே வந்தார்.