பழைய டியூப் லைட்டுக்குச் சோக் பொருத்தம்: வாட்டை விட ஆம்பியர் முக்கியம்

டியூப் மாட்டும் பழைய இரும்புப் பட்டியையோ மேசை விளக்கையோ மறுபடி எரிய வைக்க நினைப்பவர்கள், "நாலடி டியூப்புக்கு ஒரு சோக்" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். நீளம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. டியூப்புக்குள் இருக்கும் வாயு ஒருமுறை பற்றிக்கொண்டதும் அதன் மின்தடை இறங்கிக்கொண்டே போகும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் கரண்ட் கட்டுமீறி ஏறி டியூப்பைக் கொன்றுவிடும். அந்தக் கரண்ட்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்துவதுதான் சோக். அதனால் பொருத்தம் பார்க்க வேண்டியது ஆம்பியரில்.

நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் லைனில் ஓடும் டியூப்களின் கணக்கு இது. 38 மி.மீ. தடிமன் உள்ள பழைய நாலடி 40 வாட் டியூப் 0.43 ஆம்பியர் எடுக்கும். பின்னால் வந்த 26 மி.மீ., 36 வாட் டியூப்புக்கும் அதே 0.43. அதனால்தான் 40 வாட் சோக்கில் 36 வாட் டியூப் சிக்கலில்லாமல் எரிகிறது. இரண்டடியில் 20 வாட், 18 வாட் இரண்டுக்கும் 0.37. ஐந்தடியில் 65, 58 வாட் இரண்டுக்கும் 0.67. ஒரு அடி நீள 8 வாட் டியூப்புக்கு 0.145 மட்டுமே, அதை 20 வாட் சோக்கில் போட்டால் முனைகள் சீக்கிரமே கருத்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் 16 மி.மீ., 28 வாட் டியூப். அடாப்டர் வைத்து நாலடிப் பட்டியில் மாட்டிவிடலாம். ஆனால் அதன் கரண்ட் 0.17 ஆம்பியர்தான், எலெக்ட்ரானிக் சோக்கில் மட்டுமே ஓட்ட வேண்டும். அமெரிக்க 32 வாட் நாலடி டியூப்பும் அப்படியே: 26 மி.மீ. தடிமன், நம் 36 வாட் போலவே தோற்றம், கரண்ட் மட்டும் 0.265. வாட் குறைவுதானே என்று 40 வாட் சோக்கில் போடக் கூடாது.

கரண்ட் கூடினால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் கெடுதல்தான். முனை இழைகள் போதிய சூடு பெறாமல், அவற்றின் மேல் உள்ள பூச்சு தெறித்து உதிரும். வெளிச்சம் துடிக்கும், முனை கருக்கும், ஆயுள் குறையும்.

வெளிநாட்டு விளக்குகளில் இன்னொரு கவனம் தேவை. அமெரிக்க 15, 20 வாட் மேசை விளக்குகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கான சிறு சோக் இருக்கும். அதை நேராக 230இல் கொடுத்தால் சோக்கும் டியூப்பும் சேர்ந்து போகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், 50 ஹெர்ட்ஸில் சோக்கின் தடுப்பு ஆறில் ஒரு பங்கு குறைவதால் கரண்ட் கூடவே ஓடும். 20 வாட் விளக்கென்றால் உள்ளே நம்மூர் 20 வாட் சோக்கும் ஸ்டார்ட்டரும் (முதலில் முனை இழைகளைச் சூடாக்கி டியூப்பைப் பற்றவைக்கும் சிறு டப்பி) வைப்பதே நல்லது. ஸ்டார்ட்டர் இல்லாத அமெரிக்க 40 வாட் நாலடி விளக்கும், டியூப் முனைக்கு இரண்டு பின் இருந்தால், நம் 40 வாட் சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்தால் எரியும். முனைக்கு ஒற்றைப் பின் உள்ளவை எரியாது. கழற்றும் பழைய சோக் 1979க்கு முந்தியது என்றால் அதன் கப்பாசிட்டரில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். கசிவு தெரிந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம்.

இணைப்பு எளிது. மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபேஸ், ஸ்விட்ச், சோக், டியூப்பின் ஒரு முனையில் ஒரு பின். அதே முனையின் மறு பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக எதிர்முனையின் ஒரு பின். மிச்சமிருக்கும் பின் நியூட்ரலுக்கு. சோக் நியூட்ரல் பக்கம் இருந்தாலும் விளக்கு எரியும். ஆனால் அப்போது டியூப் ஹோல்டருக்கு ஃபேஸ் நேராக வந்துவிடும், அங்கே ஒரு ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இருக்காது. இரும்புப் பட்டிக்கு எர்த் கட்டாயம்.

ஸ்டார்ட்டரிலும் பொருத்தம் உண்டு. தனி டியூப்புக்கு 4–65 வாட் என்று அச்சிட்டது. ஒரே 36 வாட் சோக்கில் இரண்டு 18 வாட் டியூப்களைத் தொடராக ஓட்டினால், டியூப்புக்கு ஒன்றாக 4–22 வாட் ஸ்டார்ட்டர் இரண்டு. அந்தச் சிறிய ஸ்டார்ட்டரை 40 வாட் டியூப்பில் போட்டால், டியூப் எரியும்போது அதன் குறுக்கே நிற்கும் நூறு வோல்ட்டுக்கே அது மறுபடி வேலை செய்து டியூப்பை அணைத்து அணைத்து எரிய வைக்கும்.

பழைய 40 வாட் சோக் நல்லதா என்று பார்க்க, அதை 100 வாட் குண்டு பல்புடன் தொடராக இணைத்து லைன் கொடுங்கள். பல்பு கண்ணுக்குத் தெரியும்படி மங்கி எரிந்தால் சோக் சரி. முழு வெளிச்சம் என்றால் உள்சுற்று ஷார்ட். எரியவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. 40 வாட் பல்பை வைத்துப் பார்க்காதீர்கள்; அதன் மின்தடை அதிகம் என்பதால் வித்தியாசம் தெரியாது.

இரு முனையும் ஆரஞ்சாகக் கனன்று நடுவில் எரியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் ஸ்டார்ட்டரில். அதைத் திருகி எடுத்ததும் டியூப் பற்றிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். முனை கருத்து, விட்டுவிட்டுத் துடிக்கும் டியூப்பை மட்டும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒரு பக்க இழை செத்த பிறகு கரண்ட் ஒரு திசையில் மட்டும் அதிகமாக ஓடும், சோக்கின் இரும்பு பூரிதமாகி (அதற்கு மேல் காந்தம் ஏறாத நிலைக்குப் போய்) அதன் தடுப்பு விழும், சுருள் சூடேறி வார்னிஷ் வாசனை வரும். அந்த வாசனை வந்த சோக்கை, இன்னும் வேலை செய்தாலும், புது டியூப்புடன் சேர்க்காமல் மாற்றிவிடுங்கள்.