காசில்வேனியா மீன்மனிதர்கள்: தண்ணீரில் விழாமல் தாண்டிய விதம்

1986-இல் வந்த காசில்வேனியா என்ற வீடியோ கேமின் முதல் கட்டத்திலேயே, படியிறங்கிப் போகும் தண்ணீர்ப் பகுதியில் பல நாள் மாட்டிக்கொண்டேன். மீன்மனிதன் தண்ணீரிலிருந்து எகிறி மேடையில் வந்து நிற்பான், நெருப்பைத் துப்புவான், அது பட்டதும் நாம் ஆட்டுவிக்கும் நாயகன் சைமன் பின்னால் தூக்கி எறியப்பட்டுத் தண்ணீரில் விழுவார், அவ்வளவுதான், எவ்வளவு உயிர்ச்சக்தி மிச்சமிருந்தாலும் காலி.

வேகமாக ஓடிப் பார்த்தேன், நேர் முன்னாலேயே இன்னொருவன் எழுந்தான். தாவிப் பார்த்தேன், அது இன்னும் மோசம், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒருமுறை தாவிவிட்டால் நடுவானில் திசையை மாற்ற முடியாது.

கடைசியில் கைகொடுத்தது, நிற்கும் இடம். மேடை விளிம்பை ஒட்டி நிற்காமல், முதுகுக்குப் பின்னால் நிறையத் தரை இருக்கும்படி நின்றேன். அடிபட்டாலும் தரையிலேயே விழலாம். அப்புறம் சைமனின் ஆயுதமான சாட்டை. பொத்தானை அழுத்தியதும் அது உடனே போய்ப் படாது, கை பின்னால் போய்த்தான் முன்னால் வரும்; அதனால் மீன்மனிதன் கிட்டே வரும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்பே வீச வேண்டும். வரும் நெருப்புருண்டையையும் சாட்டையாலேயே அழித்துவிடலாம். அப்பாடா, தாண்டியாச்சு!