சீபாப் (CPAP) மெஷினுக்கு, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்குக் காற்று செலுத்தும் கருவிக்கு, பேட்டரி வாங்குகிறீர்களா?
பேட்டரியில் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், வாட்-அவர் (Wh), அதாவது பேட்டரி தரக்கூடிய மொத்த மின்சக்திதான் கணக்கு. மெஷின் 30 வாட் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 240 வாட்-அவர், அதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். மெஷினில் உள்ள ஈரப்பதமூட்டியை அணைத்தால் தேவை நன்றாகவே குறையும். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை மெஷின் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாரண்டி. பேட்டரி வந்த முதல் வாரமே ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். தொடங்கும்போது சார்ஜ் விளக்குகள் நான்கும் எரிவது, சீரியல் எண், பக்கத்தில் கடிகாரம் எல்லாம் தெரிய போட்டோ எடுங்கள். என் பேட்டரி மூன்று மணி நேரத்தில் நின்றபோது, வாரண்டியில் மாற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் முழுசா சார்ஜ் பண்ணல" என்றார்கள். மின்னஞ்சலில் பில்லோடு அந்தப் போட்டோவையும் அனுப்பிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். போனில் மட்டும் பேசிவிட்டு இருந்துவிடாதீர்கள்.