ரீலில் நரம்பு முறுக்கேறாமல் இருக்க ஒரு பலகை

மீன்பிடி தூண்டிலின் ஸ்பின்னிங் ரீலுக்கு (நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி) நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஏற்றும்போது கடையில் நரம்பு சுற்றித் தரும் உருளையை ஆணியில் சுழலவிட்டால், ரீல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கைச் சேர்க்கும். அதனால் உருளையைச் சுழலவிடாமல் பிடிக்கும் பலகை செய்தேன். சாமான் காட்பாடி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

12 மி.மீ. பிளைவுட்டில் துளையிட்டு, உருளையைப் படுக்கவைத்து, அகல வாஷர் போட்டு 8 மி.மீ. போல்ட்டால் இறுக்க வேண்டும். விங் நட் (கையால் திருகும் இறக்கை நட்) பலகைக்கு அடியில்தான். மேலே இருந்தால் நரம்பு அதில் மாட்டும். அடியில் இரண்டு கட்டை அடித்தால் பலகை ஆடாது.

20 சுற்று ஏற்றியதும் நரம்பைத் தளர்த்துங்கள். சுருண்டால் உருளையைத் தலைகீழாகப் போடுங்கள். ஈரத்துணியால் பிடியுங்கள், வெறும் விரலைப் பின்னல் நூல் (பல இழைகளைப் பின்னிய நரம்பு) அறுத்துவிடும். அந்த நூலுக்கு அடியில் சில சுற்று நைலான் நரம்பு கட்டாயம். இல்லையேல் மொத்தமும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் பகுதி) வழுக்கும், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டதுபோலத் தோன்றும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள்.