சீலியாக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், கேக் கொடுக்கக் கூடாது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிடுவார். கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடல் தன் குடலையே தாக்கும் நோய்தான் சீலியாக். என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானபோது அவள் ஒன்றாம் வகுப்பு. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். புதிதாக இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொண்ட பெற்றோர்களைச் சில மருத்துவர்கள் என்னிடம் பேசச் சொல்லி அனுப்புகிறார்கள். அன்று நாங்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தில் பாதி, பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்கிறவர்களால் வருவது.

நம் பக்கத்தில் இந்த நோய் அரிது. ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. வடக்கே ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இருக்கும் நோய் தெற்கே மிகச் சிலருக்குத்தான் இருக்கிறது என்று அது காட்டியது. அதனால் இங்கே ஒரு குழந்தைக்கு வந்தால், அந்தத் தெருவில், பள்ளியில், சொந்தத்தில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் யாருமே இருக்க மாட்டார்கள். சுற்றி இருப்பவர்களின் துணை அந்த வீட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொல்வது

இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் கோபம் தணியாத தவறு இது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். "முதல்ல கோதுமையை நிறுத்திப் பாருங்க, சரியாச்சுன்னா அதுதான்" என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத் தெரியும். ஆனால் குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் சீலியாக் பரிசோதனை சரியாக வேலை செய்யும். ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி என்ற எதிர்ப்பொருள், குளூட்டனால் உடல் தன் குடலையே தாக்கும்போது உண்டாவது. எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பதும் (பயாப்சி) அந்தத் தாக்குதலின் சேதத்தைக் காணத்தான். கோதுமையை விட்டுச் சில மாதங்கள் போனால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்போது சோதித்தால் நோய் இல்லை என்றே வரக்கூடும்.

ஒரு தாய் என்னை அழைத்தார். பெண்ணுக்கு ஏழு வயது. வயிறு எப்போதும் உப்பியே இருக்கும், இரும்புச்சத்து டானிக் எவ்வளவு கொடுத்தாலும் ரத்தசோகை தீராது, வகுப்பிலேயே குள்ளம். தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு வீட்டில் கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். பெண் நன்றாகத் தேறினாள், எடை கூடியது. அப்புறம் கொழுந்தன் கல்யாணம் வந்தது. பந்தியில் பெண்ணுக்குப் பூரியும் கேசரியும் வைக்காமல் விட்டதைப் பார்த்துப் பெரியவர்கள் கேள்வி கேட்டார்கள். நிரூபிப்போம் என்று இவர்கள் போய் ரத்தம் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது.

"ஒண்ணுமே இல்லைன்னு வந்துடுச்சே, இனிமே எல்லாம் குடு" என்றார் மாமியார். மருத்துவரோ, மறுபடி கோதுமை கொடுத்துப் பல வாரம் கழித்துத்தான் சோதிக்க முடியும் என்றார். தேறி வந்த குழந்தைக்குத் தன் கையாலேயே சப்பாத்தி ஊட்ட வேண்டியதாயிற்று அந்தத் தாய்க்கு. ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுவாள், காலாண்டுப் பரீட்சையும் அந்த வாரத்தில்தான். கடைசியில் சீலியாக் என்று உறுதியானது. முதலிலேயே ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித் திரும்பக் கொடுத்துப் பார்க்கவும் முடியாது. ஐந்து வயதுக்குக் கீழும், பருவமடையும் காலத்து வேக வளர்ச்சியிலும் மருத்துவர்கள் இதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லை என்றால் சீலியாக் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லலாம், அவ்வளவுதான். நோயே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அவை இருப்பதால், இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் உறுதியாகாது.

உறுதியான ரிப்போர்ட் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பின்னால் கேட்க வேண்டிய எல்லா உதவிக்கும் அதுதான் ஆதாரம். பள்ளியில், விடுதியில், பாட்டி வீட்டில், எங்கேயும் "எங்களுக்குத் தோணுது" என்று சொல்லி ஆயுள் முழுக்கப் பத்தியம் காப்பாற்ற முடியாது. பதினைந்து வயதில் பிள்ளையே "எனக்கு நிஜமாவே இருக்கா?" என்று கேட்பான். அப்போது எதைக் காட்டுவீர்கள்?

ஆகவே யாராவது உங்களிடம் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "நாளைக்கே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ இரண்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள்." ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. மொத்த ஐஜிஏ எதற்கென்றால், சில குழந்தைகளுக்கு அதுவே குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாகச் சரி என்று காட்டிவிடும். பயாப்சி வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். டிடிஜி மிக அதிகமாக இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியும் உறுதி செய்தால் சில குழந்தைகளுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.

"ஐயோ பாவம்"

குழந்தையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

"நமக்கு அரிசிச் சாப்பாடுதானே" என்று தைரியம் சொல்வது

இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாம் இருப்பது பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. ரவா தோசையில் ரவை மட்டுமல்ல, மைதாவும் உண்டு. ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்ப்பார்கள், பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவார்கள்.

மாவு மில்லை யாரும் நினைப்பதே இல்லை. கேழ்வரகும் தினையும் நல்லதென்று வாங்கி, கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்துக்கொண்டு வந்து அன்பாகக் கொடுப்பார்கள். காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்தாலும் நேற்றைய மாவு உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்த உணவைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க முடியாது. எவ்வளவு சின்ன அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அதிலேயே தெரியும். ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால் பழம் கொடுங்கள். இல்லையென்றால் அரிசி மாவு கலந்த பெருங்காயத்தை, லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கடை அலைச்சல் மிச்சம்.

எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டுவது

அம்மா சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள், அதையே மருத்துவர் சொன்னால் கேட்பார்கள். அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவும் பாட்டியும் கட்டாயம் போகட்டும். பயாப்சி ரிப்போர்ட்டை அவர் விளக்கும்போது பாட்டி நேரில் கேட்க வேண்டும். அப்படி நேரில் கேட்ட ஒரு பாட்டி, வீட்டுக்கு வந்ததும் பேத்திக்கென்று தனி வாணலி, தனி கரண்டி, தனி மாவுச் சல்லடை வாங்கி, பெயரும் பொறித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விவாதமே இல்லை. கடையில் லேபிள் படிக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.

பள்ளியில் தனியாக உட்கார வைப்பது

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பல குழந்தைகளின் பசியை ஆற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமா உண்டு. சீலியாக் குழந்தைக்கு அந்த நாட்களில் வீட்டு டப்பாதான். ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டப்பா வேறாக இருக்கட்டும், வரிசையும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். பிறந்தநாள் கேக் வெட்டப் போகிறார்கள் என்றால் முதல் நாளே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், கடலை மிட்டாயாவது கொடுத்தனுப்புவார்கள்.

கைவினை வகுப்பில் மைதாப் பசை பயன்படுத்துவதையும் மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகளின் கை எப்போதும் வாய்க்குத்தான் போகும்.

விசேஷத்துக்கு அழைக்காமல் விடுவது

அழையுங்கள். சாப்பாட்டை நாங்களே கொண்டுவருகிறோம்.

மருந்து சொல்வது

குளூட்டனை விடுவதைத் தவிர இன்றுவரை வேறு சிகிச்சை இல்லை.

உடன்பிறந்தவர்களை மறந்துவிடுவது

அண்ணன், தங்கை, அப்பா, அம்மா எல்லோருக்கும் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அறிகுறியே இல்லாமலும் இருக்கும். இதில் நான் அடிக்கடி பார்ப்பது: பாசத்தில் வீடு முழுவதும் ஒரே நாளில் கோதுமையை விட்டுவிடுகிறது. ஊரும் பாராட்டுகிறது. ஆறு மாதம் கழித்துத் தங்கைக்குப் பரிசோதனை செய்தால் அந்த முடிவை நம்ப முடியாது. வீட்டில் சமையலை மாற்றுவதற்கு முன், அந்த வாரத்திலேயே, எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். செலவு கையைக் கடித்தால், சீர் செய்ய நினைக்கும் மாமாவோ அத்தையோ அந்தப் பரிசோதனைக் கட்டணத்தைக் கட்டட்டும்.