சிறைக்குள் தீவிரவாதம்: புதிதாக வரும் காவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறைக் காவலர் பயிற்சியில் அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இன்றைய பிள்ளைகளும் வரிசையாகச் செய்கிறார்கள். செல்போன் சிக்கினால் என்ன செய்வது, கும்பல் கூடினால் எப்படிக் கலைப்பது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாடியைக் குறித்து வைப்பது

உள்ளே வந்ததும் பலர் கடவுளைத் தேடுவார்கள், எந்த மதமானாலும். தொழுகை கூடிவிட்டது, விபூதிப்பட்டை பெரிதாகிவிட்டது என்று எழுதிப் பயனில்லை. மனு போட்டுப் பார்க்க வந்த அம்மாவைச் சந்திக்க மறுக்கிறானா? நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களை ஒதுக்குகிறானா? அவனுடைய வக்கீல் செலவு யாருடையது? இவற்றை எழுதுங்கள். மனு போட்டுப் பார்க்க வர ஆளில்லாமல், மாற்று லுங்கிகூட இல்லாமல் நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு முதல் வாரத்திலேயே தீவிரவாதத்துக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் சோப்பும் லுங்கியும் கொடுப்பார், ஜாமீன் மனுவும் எழுதித் தருவார். கொள்கைப் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

அடங்கி நடப்பவனைத் திருந்தியவன் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வகுப்பில் மாதிரி அறிக்கை எழுதச் சொல்வேன். கைதி சண்டை போடுவதில்லை, 'ஐயா' போட்டுப் பேசுகிறான், நூலகத்தில் உதவுகிறான் என்று விவரம் கொடுப்பேன். 'நடத்தை திருப்தி, மனம் மாறியுள்ளார்' என்றே பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். நடத்தையைக் கண்ணால் பார்த்தீர்கள், சரி. மனம் மாறியதை எங்கே பார்த்தீர்கள்?

உஸ்மான் கான் பிரிட்டனில் பயங்கரவாத வழக்கில் 2012இல் தண்டனை பெற்றவன். சிறையில் மனமாற்றப் பயிற்சியில் சேர்ந்தான், படிப்புத் திட்டத்திலும் சேர்ந்தான். 2018 டிசம்பரில் கண்காணிப்புக் கருவியுடன் வெளியே விட்டார்கள். அந்தப் படிப்புத் திட்டம் 2019 நவம்பர் 29 அன்று லண்டன் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில் நடத்திய நிகழ்ச்சிக்கு விருந்தினனாக வந்து, கத்தியால் இருவரைக் கொன்றான். கைதிகள் திருந்துவார்கள் என்று நம்பி உழைத்த இளம் பிள்ளைகள் அவர்கள். திட்டத்தின் முன்மாதிரி முகமாக அவன் தெரிந்ததே அதிகாரிகளின் கண்ணை மறைத்தது என்று 2021 மரண விசாரணையில் ஜூரி சொன்னது. துறைகளுக்கிடையே தகவல் சரியாகப் போகவில்லை என்றும் சொன்னது.

இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்பவன் நானல்ல. உண்மையாக மாறியவன் எதையாவது இழந்திருப்பான். பழைய கூட்டாளி அவனோடு பேசமாட்டான், வெளியிலிருந்து வந்த பணம் நின்றுபோயிருக்கும். காலையில் குழாயடிக்கு அவன் வந்ததும் இன்னமும் நாலு பேர் வாளியை நகர்த்தி வழிவிடுகிறார்களா? அப்படியானால் அவனுடைய செல்வாக்கு அப்படியே இருக்கிறது. சான்றிதழைவிட இதை நான் நம்புவேன்.

தனிச் செல்லில் போட்டால் முடிந்தது என்று நினைப்பது

பிரான்சின் ஃப்ளூரி-மெரோஜி சிறையில், பயங்கரவாத வழக்கில் அடைக்கப்பட்ட ஜமேல் பெகால் தனிமைப் பிரிவில்தான் இருந்தான். கொள்ளை வழக்கில் உள்ளே வந்த அமேதி கூலிபாலியோடு ஜன்னல் வழியாகவே பழக்கம் உண்டாயிற்று. 2015 ஜனவரியில் பாரிஸில் யூத மளிகைக் கடைக்குள் நால்வரைக் கொன்றவன் அந்தக் கூலிபாலி.

பிளாக் காவலரை அடிக்கடி மாற்றுவது

கூடாது. முகம் பழகாமல் எந்த மாற்றமும் கண்ணில் படாது.

தகவல் சொன்னவரை அலைக்கழிப்பது

இலங்கையின் காத்தான்குடியில் தீவிரவாதம் பேசிவந்த சஹ்ரான் ஹாஷிமைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். 2017 மார்ச் மோதலுக்குப் பிறகு தலைமறைவானவனைப் பிடிக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று அவன் தலைமையில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மகனைப் பற்றித் தயங்கித் தயங்கி வந்து சொல்கிற அப்பாவை மூன்று முறை ஸ்டேஷனுக்கு இழுத்து, அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்தால், அடுத்த அப்பா வரமாட்டார்.

விடுதலையாகும் நாளில் கடிதம் அனுப்புவது

விடுதலைத் தகவல் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் ஒரு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும்.