ஒரு புகார் பொய்யென்று ஆன பிறகு, அடுத்த புகாரைக் கேட்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், காலையில் எழும் பேச்சு கொழுந்து எடை போடும் நேரத்துக்குள் எல்லார் காதுக்கும் போய்விடுகிறது. அத்தகைய இடத்தில் ஒரு பாலியல் புகார் பொய்யென்று முடிந்தால், குற்றம் சுமத்தப்பட்டவருக்கு அடுத்தபடியாக அதன் சுமையைத் தாங்குபவள், அதோடு தொடர்பே இல்லாத, இனி வாய்திறக்க வேண்டிய வேறொரு பெண்தான். 'போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்' என்ற பேச்சுக்கு அஞ்சி அவள் தயங்குகிறாள். பிறகு அந்தத் தாமதத்தையே அவளுக்கு எதிரான சான்றாகக் காட்டுகிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டமோ புகார் தர 3 மாதமே அளிக்கிறது. தக்க காரணம் இருந்தால் மட்டும் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம்.

ஆகவே மகளிர் குழுத் தலைவியோ, மேஸ்திரியோ, விசாரணைக் குழு உறுப்பினரோ, யாராயினும் முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'நிரூபிக்க முடியவில்லை' என்பது வேறு, 'பொய்' என்பது வேறு. சான்று போதவில்லை என்பதற்காகவே புகார் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்றும், தீய நோக்கம் விசாரணையில் நிறுவப்பட வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. சாட்சி சொல்ல யாரும் முன்வராததால் கைவிடப்பட்ட புகாரைப் பொய்க் கணக்கில் எழுதுவது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

உண்மையிலேயே பொய்யென்று நிறுவப்பட்டால், அந்த ஆணுக்கு நேர்ந்த அவமானத்தையும் குறைத்துப் பேசாதீர்கள். இரு தரப்பினரின் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை செய்வதால் குழு அதை ஊரறிய அறிவிக்க இயலாது. எனினும் வதந்தியைச் சுமந்து சென்றவர்கள், சென்ற அதே வீடுகளுக்குப் போய்த் திருத்திச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அடுத்த பெண் வரும்போது, பழைய புகாரில் அடிபட்ட பெயரை அவள் முன் எடுக்காதீர்கள். இடைமறிக்காமல் கேட்டு, நாள், நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டி, ஒரு படியை அவளிடமே கொடுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடமாயின் அங்கேயே அமைக்கப்பட்ட உள் குழுவுக்கும், குறைவாயின் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர உடன் செல்லுங்கள். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும் என்பதால், தந்த தேதியைக் குறித்து வையுங்கள். வன்முறையோ பலாத்காரமோ நடந்திருந்தால் குழுவுக்காகக் காத்திராமல், அவள் சம்மதத்தோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.